நூற்று எழுபத்தோராம் எண் தலையணை உறை

வேலாங்காட்டூரில் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஆறு மணிச் சங்குக்கு எழுந்தவர்கள், ஏழு மணிக்கு எழுந்தவர்கள், எழுப்பி எழுப்பி எட்டு மணிக்கு எழுந்தவர்கள் என்று தலை சாய்த்துத் தூங்கிய அத்தனை பேருடைய தலையணை உறையிலும், அவரவர் மூளைக்குள் ஓடுகிற நுண்ணிய ரத்தக்குழாய்களின் படம் செம்பழுப்பு நிறத்தில் அச்சாக விழுந்திருந்தது. வலி இல்லை, ஈரம் இல்லை, ரத்த வாடை இல்லை, தொட்டால் கையில் ஒட்டவும் இல்லை. ஏன் விழுந்தது, ஏன் இந்த ஊரில் மட்டும் விழுந்தது என்று கேட்கிறவர்கள் பக்கத்து ஊரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம், அங்கே வேலையில்லாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேலாங்காட்டூரில் தறி ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் நேரமில்லை.

முதல் நாள் பழி சாயப்பட்டறைக்காரர் தலையில் விழுந்தது. ஊர் நெய்வது படுக்கை விரிப்பும் தலையணை உறையும்; நல்லதெல்லாம் கப்பலேறிப் போய்விடும், இழை விட்டது, கோணல் தைத்தது, எண்ணெய்க் கறை பட்டது என்று ஏற்றுமதிக்காரன் தள்ளிவிட்ட வெள்ளை உறைகளில்தான் ஊர் தூங்கும், ஆகவே தண்ணீரில் சாயம் இறங்கித்தான் இப்படி ஆயிற்று என்று நாலு பேர் பட்டறைக்கே போய்விட்டார்கள். அவரோ தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, "என்ற தலையும் இப்பிடித்தான் கெடக்குது, நான் யார்கிட்டப் போயிச் சொல்றதுங்க" என்றார். இரண்டாம் நாள் சோப்புப் போட்டார்கள், போகவில்லை. மூன்றாம் நாள் பிளீச்சிங் பவுடர், அதற்கும் அசையவில்லை. நாலாம் நாள் ஒரு வீட்டில் கைதவறி வடிகஞ்சி கொட்டியதில் அச்சு இருந்த இடம் தெரியாமல் போயிற்று, அன்றோடு ஊரில் குக்கர்கள் பரணுக்கு ஏறி வடிசட்டிகள் கீழே இறங்கின. கஞ்சியில் நனைத்தால் போகும், நனைக்காவிட்டால் எத்தனை வருஷமானாலும் நிற்கும், மறுநாள் காலையில் புதிதாக விழும் என்பது அந்த வாரக் கடைசிக்குள் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

பழகியபிறகு அச்சும் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு ஓர் உறையையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பத்துப் பொருத்தத்துக்கு மேல் பதினோராவது பொருத்தம் என்று அதையும் விரித்துக் காட்டினார்கள்; விருந்துக்கு வருகிறவர்கள் சொந்தத் தலையணையோடு பஸ் இறங்கினார்கள்; ஒருவர் அச்சைப்போல இன்னொருவர் அச்சு இருக்காதென்பதால் யார் தலை யார் வீட்டில் சாய்ந்தது என்பது வெளிச்சமாகி, அந்தத் தை மாதத்தில் இரண்டு குடும்பம் பிரிந்தது, ஒரு குடும்பம் சேர்ந்தது; செத்துப்போனவர்களின் கடைசி அச்சைச் சட்டம் போட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி இரண்டுக்கும் சேர்த்தே மாலை போட்டார்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் திருமூர்த்தி, இது மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள், தலைமயிரைவிட மெலிசு, என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். சின்னதோ பெரியதோ, நெசவுக்காரர்களுக்கு அது நூல்தான். நூலென்றால் முதலில் அறுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

பார்த்தார்கள். சில உறைகளில் இழைகள் விளிம்புவரை அறாமல் ஓடின. சிலவற்றில் நடுவில் பட்டென்று நின்று, ஓர் எள்ளளவு வெற்றிடம் விட்டு, அப்புறம் தொடர்ந்தன. சிலவற்றில் தொடரவே இல்லை. ஆனால் அதைப் பார்க்கிற கண் எல்லோருக்கும் இல்லை, அது தெய்வானைக்கு இருந்தது.

தெய்வானை ஏற்றுமதிக் குடோனில் இருபத்தாறு வருஷமாக மெண்டிங் வேலை பார்க்கிறவள். கண்ணாடி மேசைக்கு அடியில் டியூப்லைட் எரியும், மேலே துணி ஓடும், ஒன்பதடி அகலத்தில் எங்கே ஓர் இழை விட்டிருந்தாலும் அவள் கை அங்கே போய் நிற்கும், சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள், பிறகு ஊசியில் நூல் கோத்து விட்ட இழையை ஓட்டிவிடுவாள். அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, எழுதி ஒட்டாதது, ஆனால் யாரும் மீறாதது: தன் வீட்டுத் தறியில் நெய்த துணியைத் தான் பார்க்கக்கூடாது. தன் துணியென்றால் கண் மன்னித்துவிடும், அறுந்த இழையும் ஓடுகிற இழையாகத் தெரியும். அதனால் வீட்டுத் துணி வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார்கள், பக்கத்து மேசைக்காரி முகதாட்சண்யம் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுவாள், கேட்டவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். இப்படித்தான் அந்தக் குடோனில் இருபது பெண்கள் ஒருத்திக்கொருத்தி கண்ணாக இருந்தார்கள்.

அச்சு விழ ஆரம்பித்த அடுத்த மாதம் பட்டணத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெள்ளை வேன் ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கியவள் டாக்டர் சாருலதா, முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியாக, பசிக்களையோடு. கூட்டுறவு சங்கத்து மாடியில் வாடகைக்கு அறை எடுத்தாள். ஊரில் விசாரித்துவிட்டு நேரே தெய்வானை வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்து, போட்ட கம்பஞ்சோற்றை வேண்டாமென்று சொல்லாமல் சாப்பிட்டாள். தெய்வானைக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போய்விட்டது.

"பெரிய ரத்தக்குழாய் அடைச்சா ஒரே நாள்ல தெரிஞ்சிரும்க்கா, வாய் கோணும், கை விழும்" என்றாள் டாக்டர். "இந்தச் சின்னக் குழாய் நோய் அப்படி இல்ல. ஒவ்வொண்ணா, சத்தமே இல்லாம போகும். நடை தேயும், யோசனை மெதுவாகும், சிரிப்பு குறையும். வயசாயிருச்சுன்னு வீட்டுல விட்டுருவாங்க. ஸ்கேன் எடுத்துப் பாக்கறப்போ பாதி போயிருக்கும். உங்க ஊர்ல மட்டும்தான் அது தினம் காலைல துணியில விழுது. வாரம் ஒரு உறை குடுத்தீங்கன்னா, அறுந்ததை எடுத்துக் காட்டினீங்கன்னா, எவ்வளவோ பேருக்கு வழி கிடைக்கும்."

தெய்வானை ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்க தலைக்குள்ள ஏதாச்சும் அறுந்துபோனா எங்களுக்குச் சொல்லீருவீங்கல்ல?"

"உங்ககிட்டச் சொல்லாம யார்கிட்டக்கா சொல்லப்போறேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் நீட்டிய தாள் கட்டில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, தெய்வானை வடக்கு வீதியிலும் தெற்கு வீதியிலும் வீடு வீடாக ஏறினாள். தலைக்குள் இருப்பதை வெளியாளிடம் கொடுப்பதா என்று இழுத்தவர்களிடம், உறையில் எண் மட்டும்தான் இருக்கும், பேர் இருக்காது, ஏதாவதென்றால் டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடும் என்றாள். எல்லோரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: "உன்ற வாக்குக்கோசரம் குடுக்கறோம் தெய்வானை." மூன்று வீடு தள்ளி, ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிப் பிழைக்கிற ரங்கநாயகி மட்டும், "வாக்கெல்லாம் என்னத்துக்கு, நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்று, கேட்பதற்கு முன்பே உறையை உருவிக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் தெய்வானை சங்கத்து மாடிக்குப் போய், டாக்டர் வாங்கிப்போட்ட கண்ணாடி மேசையில் உறைகளை விரித்து, அறுந்த இடங்களில் சாக்பீஸ் வட்டம் போட்டுக் கொடுத்தாள். டாக்டருக்கும் வட்டம் போடச் சொல்லிக்கொடுத்தாள். அழுத்தக்கூடாது, இழைமேல் படக்கூடாது, வட்டத்தை முழுக்க மூடாமல் கீழே சிறு வாய் விடவேண்டும், பிறகு ஊசி நுழைய. ஊசிக்கு இங்கே வேலையில்லை, ஆனாலும் கை அப்படித்தான் போடும், டாக்டரும் அப்படியே கற்றுக்கொண்டாள். ஒருநாள் டாக்டர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுதாள். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம். தெய்வானை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழுவாத கண்ணு" என்றாள். அன்றிலிருந்து டாக்டரம்மா இல்லை, கண்ணுதான்.

"எந்த உறையில என்ன பாத்தீங்கன்னு நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாதுக்கா, அது அவங்களோட ரகசியம். சொல்லவேண்டியது என் பொறுப்பு" என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அது நியாயமாகத்தான் பட்டது. மாதம் ஒருதரம் வேனுக்குள் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பத்தடி நடக்கவிட்டு, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச்சொல்லி எழுதிக்கொள்வார்களே, அங்கே சொல்லியிருப்பார்கள் என்று தெய்வானை நினைத்தாள். வடக்கு வீதிக்கு ஒரு நர்சம்மா வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவதும் கண்ணில் பட்டது. தெற்கு வீதிக்கு ஏன் வரவில்லை என்று ஒருதரம் கேட்டதற்கு, "வரும்க்கா" என்றாள் டாக்டர்.

இரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ரங்கநாயகியின் உறையில் இரண்டு இடத்தில் இழை விட்டிருந்ததைத் தெய்வானை பார்த்தாள். வட்டம் போட்டாள். மறுநாள் குழாயடியில் ரங்கநாயகி குடத்தோடு நின்றாள். ரகசியம் ரகசியமாயிற்றே, தெய்வானை தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துக்கொண்டே, "சாப்டாச்சுங்களாக்கா?" என்று கேட்டாள். "ஆச்சு தெய்வானை, பழைய புளிக்கொழம்புதான், ஆனா ருசி" என்று ரங்கநாயகி சிரித்தாள். எல்லாம் தெரிந்தும் எப்படி அசையாமல் நிற்கிறாள் பார், இரும்பு மனசு, என்று தெய்வானை வியந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். தெற்கு வீதியில் இப்படி இருபத்துமூன்று பேர். இருபத்துமூன்று பேரும் தெரிந்தும் மறைத்துக்கொண்டு நடமாடுவதாக அவள் நம்பினாள், அவர்களுடைய தைரியத்துக்கு மனசுக்குள் கும்பிடு போட்டாள். பாவி, கும்பிட்டது யாரை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தெய்வானை வீடும் தெற்கு வீதிதான், எண் நூற்று எழுபத்தொன்று. வீட்டில் அவளும் புருஷன் நாச்சிமுத்துவும், இரண்டு தலையணை. காலையில் எழுந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டே உறைகளை உருவி மடித்து, அவருடைய உறையின் மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு, வெள்ளிக்கிழமை உறைகளை டாக்டர் கையில் கொடுப்பாள். "இது எங்கூட்டுத் துணி, நான் பாக்கக்கூடாது. நீதான் பாத்துச் சொல்லோணும் கண்ணு." டாக்டர் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மடித்துவிட்டுச் சொல்லுவாள்: "நல்லா இருக்குக்கா." ஒரு வாரமில்லை, இரண்டு வாரமில்லை, மூன்று வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் தெய்வானை வெள்ளிக்கிழமை ராத்திரிச் சோறு சாப்பிட்டாள்.

நாச்சிமுத்து நாலு தறி ஓட்டுகிறவர். நாலு தறிச் சத்தத்துக்கு நடுவிலும் ஓர் இழை அறுந்தால் அவர் காதுக்குக் கேட்கும் என்பார்கள், ஒரே எட்டில் போய் இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டுவிடுவார். மூன்றாம் வருஷம் ஆவணியில் பக்கத்து மேசை செல்லமணி, வழக்கப்படி உள்ளதைச் சொன்னாள்: "உங்கூட்டுத் துணியில இந்த மாசம் பதினேழு எடத்துல இழை விட்டிருக்குது. மாமன் முடிபோடாமயே தறிய ஓட்டியிருக்கறாரு."

அன்று வெள்ளிக்கிழமை, தெய்வானை அவருடைய உறையோடு நேரே டாக்டரிடம் போனாள். "கண்ணு, அவரு கால இழுத்து வெக்கறாரு. இழை அறுந்தா பாத்துட்டே நிக்கறாரு. நல்லாப் பாத்தியா?"

டாக்டர் உறையை வாங்கி விரித்தாள். வெளிச்சத்தில் இரண்டு தரம் திருப்பிப் பிடித்தாள். பிறகு மடித்தாள், நாலாக, எட்டாக, வழக்கத்தைவிடச் சின்னதாக. "நல்லா இருக்குக்கா. தூக்கம் பத்தலையோ என்னமோ" என்றாள். அவள் சொன்னபிறகு என்ன? செல்லமணி சொன்னதைவிட டாக்டர் சொன்னது பெரிதில்லையா? தெய்வானை வீட்டுக்கு வந்து, புருஷனைச் சோம்பேறி என்று இரண்டு வார்த்தை திட்டவும் செய்தாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் டீக்கடைக்காரர் நாச்சிமுத்துவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கையில் டீ வாங்குகிற தூக்குப்போசியோடு நாலு ரோட்டுக்கு நடுவில் ஒரு மணிநேரமாக நின்றிருக்கிறார், பஸ்காரன் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். "எந்தப் பக்கம்னு பிடிபடுலீங்க அம்மிணி" என்று மனைவியைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார், இருபத்தெட்டு வருஷத்தில் அவளை அவர் "ங்க" போட்டுப் பேசியதில்லை. தெய்வானை அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் சங்கத்து மாடிக்கு ஓடினாள்.

டாக்டர் வேனில் வடக்கு வீதிக்குப் போயிருந்தாள். அறை திறந்திருந்தது, தெய்வானைக்கு அது எப்போதும் திறந்துதான் இருக்கும். மரத்தட்டுகளில் வீட்டு எண் வாரியாகக் கட்டுகள். நூற்று எழுபத்தொன்றை இறக்கி, முடிச்சுப்போட்ட உறைகளைத் தனியே பிரித்து, கண்ணாடி மேசையில் வரிசையாக விரித்து, விளக்கைப் போட்டாள். தன் துணியைத் தான் பார்க்கக்கூடாதென்ற கட்டுப்பாட்டை இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் மீறினாள். மன்னிக்கிற கண் அன்றைக்கும் மன்னிக்கத்தான் பார்த்தது, இழைகளெல்லாம் ஓடுகிற மாதிரித்தான் தெரிந்தன. ஆனால் வட்டங்கள் தெரிந்தன.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை உறையில் ஒரு வட்டம். அந்த மார்கழியில் அதே ஒன்று. அடுத்த வருஷம் சித்திரையில் இரண்டு, ஆடியில் நாலு, அதற்கடுத்த தையில் ஏழு. அழுத்தாமல், இழைமேல் படாமல், கீழே ஊசி நுழையச் சிறு வாய் விட்ட வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் தேதி. எல்லாத் தேதியும் வெள்ளிக்கிழமை. எல்லாம் டாக்டர் "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிச் சோற்றுக்கு அனுப்பிவைத்த வெள்ளிக்கிழமை. தெய்வானை விரலால் வட்டங்களை எண்ணிக்கொண்டே போய், ஆவணி உறையில் பதினொன்று என்று வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

டாக்டர் உள்ளே வந்தபோது அவள் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை, சுவரோரமாக அப்படியே நின்றாள்.

"வடக்கு வீதிக்குச் சொல்லி, மாத்திரை குடுத்துப் பாக்கறது. தெற்கு வீதிய வெறுமனே பாக்கறது" என்றாள், வகுப்பில் ஒப்பிக்கிற குரலில். "ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் மாத்திரையால ஆச்சா, தானா ஆச்சான்னு தெரியும்க்கா. ஒருத்தருக்குச் சொன்னாலும் மூணு வருஷ வேலை கெட்டுரும். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல பதினோராம் பக்கத்துல இருக்கு."

"இருக்குங்களா."

"எங்கப்பா மாதிரி லட்சம் பேர் இருக்காங்கக்கா. அவங்களுக்காகத்தான்."

"நான் தாளை நம்பிக் கையெழுத்துப் போடுலீங்க டாக்டரம்மா" என்றாள் தெய்வானை. "உங்க வாயை நம்பிப் போட்டேன். செல்லமணி எட்டாங் கிளாஸ் படிச்சவ, பதினேழு எடத்துல விட்டிருக்குதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னா. அவள நம்பாம நான் உங்கள நம்புனனே, அதுதான் எனக்கு ஆறுல."

டாக்டரம்மா என்று கேட்டதும் டாக்டர் அழ ஆரம்பித்தாள். இந்தத் தரம் யாரும் முந்தானையால் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க உறையும் இருக்கே, அதையும் சொல்லிரட்டுமாக்கா?" என்றாள்.

"வேண்டாங்க. நல்லதுன்னு சொன்னாலும் நான் நம்பப்போறதில்ல, கெட்டதுன்னு சொன்னாலும் நம்பப்போறதில்ல. அந்த வாய் எனக்கு இனி ஆகாது."

பெரியாஸ்பத்திரியில் நாச்சிமுத்துவுக்கு ரத்த அழுத்தம் பார்த்த மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். அறுந்தது அறுந்ததுதான், மேற்கொண்டு அறுபடாமல் பார்க்கலாம், மூணு வருஷத்துக்கு முந்தியே மாத்திரை ஆரம்பித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றார். மூணு வருஷம் என்று அவர் வாயிலிருந்தே வந்தது. நாச்சிமுத்து மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தறி ஓடிட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் தெய்வானை தெற்கு வீதியில் மறுபடி வீடு வீடாக ஏறினாள். அன்றைக்கு வாங்க ஏறியவள், இன்றைக்குச் சொல்ல ஏறினாள். எந்த மாதம் பார்த்தேன், எத்தனை வட்டம் போட்டேன், உங்களுக்குத் தெரியுமென்று நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தேன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று இருபத்துமூன்று வாசலில் நின்று சொன்னாள். சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள், ஒருவர் அவளைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதை மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து கேட்டார். டாக்டர் செய்ததையும் அவள் சொன்னாள்தான், ஆனால் டாக்டரை ஊர் நம்பியதா என்ன? ஊர் நம்பியது தெய்வானையை.

கடைசியாக ரங்கநாயகி வீடு. அதற்குள் ரங்கநாயகிக்கு வலதுகால் தரையைவிட்டு எழும்புவதில்லை, ராட்டையில் தார் சுற்றினால் பாதியில் நின்றுபோகும். சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாசியில பாத்தியா?"

"பாத்தனுங்க்கா."

"மறுநா கொழாயடியில நின்னமே. நீ எங்கிட்ட என்ன கேட்ட?"

தெய்வானை ராட்டையில் பாதியில் நின்ற தாரைப் பார்த்தாள்.

"நெனப்பில்லயா? எனக்கு ஒவ்வொண்ணா மறந்துட்டு வருது, ஆனா இது நெனப்பிருக்குது. சொல்லு."

"சாப்டாச்சான்னு கேட்டனுங்க்கா."

"அதுதான்" என்றாள் ரங்கநாயகி, ராட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேன் வந்து மத்தியானம்வரை நின்றது, ஓர் உறைகூட ஏறவில்லை, போய்விட்டது. தையில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. வடக்கு வீதியில் அறுந்தது குறைவு, தெற்கு வீதியில் மும்மடங்கு, சின்ன ரத்தக்குழாய் நோயில் இது முக்கியமான முடிவு என்று வாத்தியார் திருமூர்த்தி டீக்கடையில் படித்துச் சொன்னார். முடிவில் நன்றி என்று போட்டு, ஊர்ப்பேர்கூட இல்லாமல், தெய்வானை பேர் மட்டும் இருந்தது. அவர் அதையும் சத்தமாகவே படித்துவிட்டார்.

ஊர் இதையும் விழுங்கிச் செரித்துக்கொண்டது, அந்த ஊருக்கு வயிறு பெரிது. தெற்கு வீதியில் எல்லோரும் குடோன் பெண்களிடம் இழை பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், புது வழக்கம் ஒன்று வந்தது: விடிந்ததும் உறைகளை வாசல் கொடியில் தெருப்பக்கம் பார்த்து விரித்துப் போடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்று பார்த்து, தெருவே கேட்கிற மாதிரி, "ஏ அம்மிணி, எடதோரம் ஒண்ணு விட்டிருக்குது, மாத்திரை திங்கறியா இல்லியா" என்று கத்துவாள். ரகசியம் கிகசியம் எல்லாம் வேனோடு போயிற்று. காலை ஏழு மணிக்குத் தெற்கு வீதியில் நடந்தால் யார் தலையில் எது நிற்கிறது, எது போயிற்று என்று காதாலேயே கேட்டுக்கொண்டு போகலாம்.

தெய்வானையும் கொடி கட்டினாள். முடிச்சுப்போட்ட உறையை ஓரமாக, தன்னுடையதை நடுவில் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் தெளித்தாள், பாத்திரம் கழுவினாள், கழுவினதையே மறுபடி கழுவினாள். யாரும் நிற்கவில்லை. வலப்பக்கத்து வீட்டுக்குக் கத்திவிட்டு, அவள் கொடியைத் தாண்டி, இடப்பக்கத்து வீட்டுக்குப் போய்க் கத்தினார்கள். தானே திரும்பிப் பார்த்தால் எல்லா இழையும் ஓடுகிறது, ஆனால் அந்தக் கண்ணை அவளே நம்பமாட்டாள். நாச்சிமுத்துவுக்குச் சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து, தறிச் சத்தம் கேட்கிற ஜன்னலோரம் உட்காரவைக்க இந்த வீட்டில் ஒரு தலையாவது நேராக நிற்கவேண்டும், அது நிற்கிறதா என்று யாராவது ஒருத்தி சொன்னால் போதும். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. தினமும் காலையில் போட்டதை மத்தியானம் வடிகஞ்சியில் முக்கி எடுத்தாள்.

வைகாசியில் ஒரு காலை, தரையை இழுத்துக்கொண்டு ஒரு கால் தெருவில் வருகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. சத்தம் கொடிக்கு முன்னால் நின்றது. ரங்கநாயகி நடுவில் கிடந்த தெய்வானையின் உறையை இரண்டு கையாலும் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, மெண்டிங் மேசையில் பார்க்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றாள். பிறகு இன்னோர் இடத்தில். தெரு முழுக்க மற்ற வீடுகளின் கூச்சல் ஓய்ந்துபோயிருந்தது.

தெய்வானை ஈரக்கையோடு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

ரங்கநாயகி உறையைக் கொடியில் நேராக இழுத்து, சுருக்கம் நீவிவிட்டாள்.

"சாப்ட்டியா தெய்வானை?" என்றாள்.

தெய்வானை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆச்சுங்க்கா" என்றாள்.